சேனை வைக்க அத்தை பிடிவாதம்: என்ன செய்ய?

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் பிரசவம். பிள்ளை பிறந்ததும் தேன் தொட்டுச் சேனை வைத்தே ஆக வேண்டும் என்கிறார் அத்தை. கூடாது என்று டாக்டர்கள் பேசும் வீடியோக்களைக் காட்டினேன். காட்டக் காட்டப் பிடிவாதம்தான் கூடுகிறது. ‘நாலு பிள்ளைக்கும் வச்சேன், நல்லாத்தானே இருக்காங்க’ என்கிறார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஒரு வயது வரை தேன் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆனால் நீங்கள் ஃபோனை நீட்டும்போது அத்தையின் காதில் விழுவது வேறு. ‘உன் பிள்ளைகளுக்கு நீயே விஷம் வைத்தாய்’ என்றுதான் அவருக்குக் கேட்கிறது. எந்தத் தாய் அதற்குத் தலையாட்டுவார்?

படித்த டாக்டர்களே ஆட்டவில்லை. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் சாவு, ஓரிரு மாதத்தில் 2ஐ ஒட்டி இறங்கியது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அப்படியும் பலர் ஏற்கவில்லை. அன்றைய மருத்துவக் கொள்கைக்கு அது ஒத்துவரவில்லை என்பது ஒரு பக்கம். ஏற்றால் ‘என் கைதான் கொன்றது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! தன் கையாலும் பலர் செத்திருப்பார்கள் என்று மனம்விட்டு எழுதிய செம்மல்வைஸே, பிற்பாடு பொறுமையிழந்து, எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று கடிதம் போட்டார். திட்டு வாங்கியவன் எங்கே மனம் மாறுவான்?

அதனால் வீடியோவை நிறுத்துங்கள். அடுத்த செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிப் போங்கள். கேள்வியை அவரே கேட்கட்டும். டாக்டர் வேண்டாம் என்றதும் நீங்கள் ‘பார்த்தீர்களா?’ என்று ஒரு பார்வை பார்த்தால் போச்சு, எல்லாம் முதலிலிருந்து. அவர் மசியாவிட்டால் வார்டு நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அப்புறம், சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அத்தை கேட்பது தேனை அல்ல, அந்த இடத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘சீம்பால்தான் பிள்ளைக்குச் சேனை, முதல்முறை நீங்கள்தான் பிள்ளையை என் மடியில் போட வேண்டும், அத்தை’ என்று இப்போதே கேட்டு வையுங்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான்.