கப்பல்காரர் பதில்கள்: சொல் வரும்வரை கோப்பை காத்திருக்கும்

ஜார்ஜியா நாட்டில் ஒயின் செய்கிற ஓர் அப்பாவும் மகனும் பிப்ரவரி மாதம் முட்டம் பக்கத்திலுள்ள என் வீட்டில் நான்கு நாள் தங்கிப் போனதையும், அவர்கள் ஊர் முறைப்படி எங்கள் முற்றத்தில் ஒரு விருந்து நடந்ததையும் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. புதிய வாசகர்களுக்காக ஒன்று: நான் இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். கருங்கடலில் போத்தி, பத்தூமி துறைமுகங்களுக்குப் பல தடவை போயிருக்கிறேன். வந்த அப்பா, போத்தியில் எங்கள் கப்பலுக்குக் காய்கறி கொடுத்தவரின் தம்பி.

என் மகள் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா 'சுப்ரா' என்ற விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். அங்கே எல்லாரும் ஒயின் குடிப்பார்களாமே. குடிக்காத பெண் போனால் அவர்களுக்கு வருத்தமாக இருக்காதா?
*மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தாய்*

தாராளமாகப் போகச் சொல்லுங்கள், தங்கச்சி. போகாமல் இருந்தால்தான் அவர்களுக்கு வருத்தம்.

அந்த விருந்துக்கு ஒரு தலைவர் உண்டு. 'தமதா' என்பார்கள். அவர் ஒரு பொருளை எடுத்துப் பேசுவார். சமாதானம், பிறந்த மண், பெற்றோர், இறந்துபோனவர்கள், குழந்தைகள் என்று ஒவ்வொன்றாக இரவு முழுக்கப் போகும். அவர் பேசி முடித்து, மற்றவர்களும் ஆளுக்கு ஒரு வார்த்தை சேர்த்த பிறகுதான் கோப்பை வாய்க்குப் போகும். நடுவில் தாகம் என்று எடுத்து உறிஞ்சக் கூடாது. 1997-இல் போத்தியில் முதல் தடவை போனபோது எனக்கு இது தெரியாது. அந்த வருஷங்களில் அங்கே கரண்ட் இருக்காது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் சாப்பாடு. நான் எடுத்த எடுப்பில் கோப்பையைக் காலி செய்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் மறுபடி நிரப்பி வைத்தார். எல்லார் கோப்பையும் நிறைந்திருக்க நான் மட்டும் முந்திக்கொண்டது அப்போதுதான் புரிந்தது.

மகள் குடிக்க மாட்டாள் என்பதை வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். 'தர்ஹுனா' என்று ஒரு பச்சை நிற சோடா அங்கே கிடைக்கும், மூலிகை வாசனையோடு இருக்கும். கோப்பையில் அதை ஊற்றிக்கொள்ளலாம். அவள் தயார் செய்ய வேண்டியது வேறு விஷயம். தலைவர் 'அலவேர்தி' என்று சொல்லி ஒருவரைக் காட்டினால், அதே பொருளில் அவர் தொடர்ந்து பேச வேண்டும். வெளிநாட்டு விருந்தாளியைக் கண்டிப்பாகக் காட்டுவார்கள். உங்களைப் பற்றியோ ஊரைப் பற்றியோ மனதில் பட்டதை நாலு வாக்கியம் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசிவிட்டு, கடைசியில் 'காவுமார்ஜோஸ்' என்று சொன்னால் போதும். வெற்றி உண்டாகட்டும் என்று அர்த்தம்.

அப்புறம், முதலில் வருகிற கச்சாபூரி என்ற சீஸ் அடையிலேயே வயிற்றை நிரப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். காலித்தட்டை எடுக்காமல் அதன் மேலேயே அடுத்த தட்டை அடுக்கிக்கொண்டு போவார்கள்.

நாங்கள் தரையில் விரித்துச் சாப்பிடும் விரிப்பை எங்கள் வீட்டில் சுப்ரா என்றுதான் சொல்வோம். ஜார்ஜியாக்காரர்களின் சுப்ராவும் இதுவும் ஒன்றா?
*தேங்காய்ப்பட்டினம் வாசகர்*

ஒன்றேதான். அரபியில் 'சுஃப்ரா', துருக்கியில் 'சொஃப்ரா'. ஜார்ஜிய மொழியில் விரிப்புக்கும் சுப்ரா, அதன்மேல் நடக்கும் விருந்துக்கும் சுப்ரா. அவர்கள் கிறிஸ்தவர்கள். ஆனாலும் பாரசீகர்களும் துருக்கியர்களும் நூற்றாண்டுக்கணக்கில் ஆண்ட நிலம் அது, அப்படி அந்தச் சொல் அங்கே தங்கிவிட்டது. இதே சொல் அரபிக்கடல் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை விருந்தாளிகளுக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன். அந்த அப்பா, உங்கள் வீட்டில் எத்தனை பேர் ஒரு விரிப்பில் உட்காருவீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதில் போடுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

அந்த விருந்தை எப்படி நடத்தினீர்கள்? எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் வைத்தீர்கள்? நம்மூர் உணவோடு அது ஒத்துப்போனதா? விவரமாக எழுதுங்கள்.
*நாகர்கோவில் வாசகர்*

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் மது கொண்டுவரலாம். அதனால் ஆளுக்கு இரண்டு பாட்டில், ஆக மொத்தம் நான்கு. பதினாறு பேர் இருந்தோம், அதில் குடித்தவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் கோப்பையில் அக்கானி, அதாவது பதநீர்.

நான்கில் இரண்டு பாட்டில் ர்காத்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையில் செய்தது. ஆனால் ஒயின் வெள்ளையாக இருக்காது, தேன் நிறத்தில் இருக்கும். தோல், விதை, காம்பு எல்லாவற்றோடும் ஐந்தாறு மாதம் கிடப்பதால் அந்த நிறமும், பால் விடாத கட்டன்சாயா மாதிரி நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் வந்துவிடுகிறது. மூன்றாவது சப்பெராவி என்ற கறுப்புத் திராட்சை. பெயருக்கே சாயம் என்றுதான் பொருள். சதைகூடச் சிவப்பாக இருக்கும் அபூர்வ ரகம். நான்காவது, தோல் சேர்க்காமல் சாற்றை மட்டும் புளிக்கவைத்த லேசான வெள்ளை.

நம்மூர்ச் சூட்டில் பாட்டிலை அப்படியே திறந்தால் எரிசாராய வாடைதான் முன்னால் வரும். என் அக்கா மகன் மீன்பெட்டி ஒன்றைக் கழுவி, உடைத்த ஐஸ் போட்டுக் கொண்டுவந்தான். தேன் நிற ஒயினை ரொம்பக் குளிர வைக்கக் கூடாது, துவர்ப்பு மட்டும் தூக்கிவிடும் என்று அந்த அப்பா, பெரியவர், பாட்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கத்தரிக்காயை நீளவாக்கில் சீவி, எண்ணெயில் வதக்கி, அரைத்த வால்நட் விழுதைத் தடவிச் சுருட்டியது முதலில் வந்தது. தேன் நிற ஒயினுக்கு இதுதான் சரியான ஜோடி. வால்நட்டின் எண்ணெய்ப் பிசுக்கை அந்தத் துவர்ப்பு அறுத்து நாக்கைச் சுத்தம் செய்துவிடுகிறது. இதே ஒயின் எங்கள் அவியலோடும் சேர்ந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. தேங்காயும் தயிரும் பச்சைத் தேங்காயெண்ணெயும் வால்நட் செய்த வேலையைச் செய்தன. பெரியவர் அவியலை மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

ஆட்டிறைச்சியை அவர்கள் கம்பியில் குத்திச் சுடுவதற்கு உப்பைத் தவிர எதுவும் சேர்ப்பதில்லை. அவர்கள் ஊர் ககேத்தியில் திராட்சைக் கொடியை வெட்டிக் காயவைத்த சுள்ளியில்தான் சுடுவார்கள். இங்கே சிரட்டைக் கனல். சுட்டதும் பச்சை வெங்காயத்தைப் போட்டு மூடி இரண்டு நிமிஷம் வைத்தார்கள். அதற்குச் சப்பெராவி.

மீனில்தான் தவறு நடந்தது. நெய்மீனில் புளிமுளம் என்ற காரமான புளிக்குழம்பு வைத்திருந்தோம். அதோடு சப்பெராவியைக் குடித்தால் வாயில் துருப்பிடித்த ஆணி போல ஒரு ருசி. சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீனெண்ணெயோடு சேர்ந்தால் கவிச்சி தூக்கலாகிவிடும், அதுதான் காரணம். தேன் நிற ஒயினோ மிளகாயோடு மோதி எரிச்சலைக் கூட்டியது. கடைசியில் லேசான வெள்ளைதான் மீனுக்குப் பொருந்தியது, அதுவும் காரம் குறைந்த சாளை (மத்தி மீன்) பொரியலோடு மட்டும்.

தலைவராக எங்கள் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை உட்கார வைத்தோம். சார் ஒரு சொட்டுகூடத் தொடாதவர். பரவாயில்லையா என்று கேட்டேன். பேச்சு நிதானமாக இருப்பவர்தான் தமதாவாக வேண்டும், இவர் நல்ல தேர்வு என்றார் பெரியவர். முதலில் சமாதானம், அடுத்து மண், அடுத்து பெற்றோர். அப்புறம் இறந்தவர்கள். சார் எங்கள் மைனியை (அண்ணியை) காட்டினார். மைனியின் வீட்டுக்காரர், என் பெரியப்பா மகன், 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

மைனி அக்கானிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு, "அவருக்கு மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்கு) மேலேயே சாளைக் குழம்பை ஊத்தணும். தனியா வச்சா சாப்பிட மாட்டாரு" என்றார். அவ்வளவுதான். மகன் அதைத் தன் அப்பாவுக்கு மெதுவாகச் சொன்னான். அவர்கள் ஊரில் இறந்தவர்களை நினைக்கும்போது ஒரு துண்டு ரொட்டியில் சில சொட்டு ஒயின் விடுவது வழக்கம். பெரியவர் தன் தட்டிலிருந்த மரச்சீனித் துண்டை எடுத்து, அதன்மேல் மூன்று சொட்டு விட்டார். எட்டு வருஷமாக மைனி அண்ணனைப் பற்றி நாலுபேர் முன்னால் பேசி நாங்கள் கேட்டதில்லை.

பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஜார்ஜியர்கள் சேர்ந்து பாடுவது மூன்று குரலில். அந்தப் பாட்டுமுறையை யுனெஸ்கோ 2001-இலேயே சிறப்பித்திருக்கிறது. ககேத்திப் பக்கத்துப் பாட்டில் இரண்டு குரல் மேலே போக, மூன்றாவது கீழே தம்பூரா சுருதி போல ஒரே நிலையில் நிற்க வேண்டும். வந்தவர்களோ இரண்டு பேர். எங்கள் கோயில் பாடகர் குழுப் பையன்கள் மூன்று பேர் அந்தக் கீழ்ச்சுருதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை புரியாமலே கடைசிவரை விடாமல் நின்றார்கள்.

குடியால் என் குடும்பம் அழிந்தது. நீங்கள் ஒயின், கோப்பை என்று இவ்வளவு அழகாக எழுதலாமா?
*குளச்சலிலிருந்து ஒரு வாசகி*

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், அம்மா. என் அப்பாவும் குடித்தார். மீன் விற்ற காசு முழுசாக வீட்டுக்கு வந்த நாட்களை எண்ணிவிடலாம். நான் பதினெட்டு வயதில் கப்பலேறியதே அதனால்தான். அந்த விருந்தில் நானும் அக்கானிதான் குடித்தேன். யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஜார்ஜியாவிலும் குடியால் கெட்ட வீடுகள் உண்டு, அதை அந்தப் பெரியவரே என்னிடம் சொன்னார்.

நான் எழுதியது, அந்த மேசையில் யாரும் தனியாகக் குடிப்பதில்லை, பேச்சில்லாமல் குடிப்பதில்லை என்பதைத்தான். நம் வீடுகளில் கோப்பை வந்தால் பேச்சு போய்விடுகிறது. அங்கே இருப்பதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பேச்சு. ஒயின் இல்லாமலே அதைச் செய்யலாம். எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருவர் ஒரு ஆளைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்கிறோம். என் பேத்தி போன வாரம் அவள் பள்ளி வேன் டிரைவரைப் பற்றிச் சொன்னாள்.

உங்கள் மகன் நிறுத்த நினைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கு இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். இன்றே கூப்பிடச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் பாட்டி பரணியில் (பீங்கான் ஜாடியில்) போட்டு வைக்கும் திராட்சை ஒயினும், ஜார்ஜியாக்காரர்கள் பானையில் செய்வதும் ஒரே முறைதானா?
*தக்கலை வாசகர்*

பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் அடிப்படையே வேறு. நம் பாட்டிமார் பன்னீர் திராட்சையோடு சீனி, ஈஸ்ட், கோதுமை, கிராம்பு எல்லாம் போடுவார்கள். அவர்கள் திராட்சையைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. பழத்திலேயே போதுமான இனிப்பு, தோலிலேயே ஈஸ்ட்.

அந்தப் பானைக்கு க்வெவ்ரி என்று பெயர். முட்டை வடிவத்தில், ஆளே உள்ளே இறங்கிக் கழுவுகிற அளவுக்குப் பெரியவைகூட உண்டு. உள்பக்கம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். அடி கூம்பாக இருப்பதால் விதைகள் அதில் போய் அடங்கி, அவற்றின் மேல் வண்டல் மூடிக்கொள்ளும். விதையின் கசப்பு ஒயினில் அதிகம் இறங்காது. குளிர்காலம் முழுக்கக் கல் மூடி, களிமண் பூசி விட்டுவிடுவார்கள். மண்ணின் குளிர்ச்சி மாறாமல் இருப்பதுதான் அங்கே குளிர்சாதனப் பெட்டி. நம் மண்ணில் ஆள் ஆழத்துக்குத் தோண்டினாலும் அந்தக் குளிர் கிடைக்காது.

திபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் கதச்சிரிலி கோரா, சுலவேரிஸ் கோரா என்ற இரண்டு மண்மேடுகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சம் இருப்பதை 2017-இல் கண்டறிந்தார்கள். அவற்றின் வயது ஏறக்குறைய 8,000 ஆண்டுகள். க்வெவ்ரி முறையை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு பழையதும் ஒரு காலத்தில் அழியப் பார்த்தது. 1985-இல் சோவியத் அரசின் மது எதிர்ப்பு நடவடிக்கையில் ஏராளமான தோட்டங்களை வேரோடு பிடுங்கினார்கள். 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, 2013 வரை அது நீடித்தது. பெரிய சந்தை போனபோதுதான், அளவைவிடத் தரம் முக்கியம் என்று பலரும் பானைக்குத் திரும்பினோம் என்றார் பெரியவர்.

பாட்டியின் செய்முறையைப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறீர்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிக்க நம் மாநிலச் சட்டத்தில் இடமில்லை. அதனால் போடவில்லை.

வால்நட் விலை அதிகம். அதற்குப் பதில் நம்ம அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) போட்டால் அந்தக் கத்தரிக்காய் சரியாக வருமா?
*திங்கள்நகர் வாசகி*

முழுக்கப் போட்டால் வராது. நானே செய்து பார்த்தேன், குருமா மாதிரி இனித்துவிட்டது. வால்நட் தோலின் லேசான கசப்புதான் அந்தக் கறியின் உயிர். பாதிக்குப் பாதி கலந்து, ஒரு சிட்டிகை கசூரி மேத்தி, பூண்டு, மல்லி விதை, கொஞ்சம் வினிகர் சேர்த்து அரைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அவர்கள் கிரேந்திப் பூவின் (செண்டுமல்லியின்) காய்ந்த இதழையும் பொடித்துப் போடுவார்கள். தோவாளைச் சந்தைப் பூவை மட்டும் போடாதீர்கள், அது மருந்தடித்து வளர்த்த பூ. வீட்டுத் தொட்டியில் இரண்டு செடி வையுங்கள்.

வால்நட்டை நூலில் கோத்து, காய்ச்சிய திராட்சைச் சாற்றில் மாவு கலந்து முக்கி முக்கித் தொங்கவிடும் 'சுர்ச்கேலா' என்ற பண்டமும் உண்டு. எங்கள் பக்கத்துவீட்டில் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்த மகன், அடுப்படியிலேயே உட்கார்ந்து அண்டிப்பருப்பை நூலில் கோத்துப் பாகில் முக்கிவிட்டான். ஆறு சரம். இரண்டு நாள் கொடியில் காய்ந்தது. நான்கு சரத்தை ஊருக்கு எடுத்துப் போனான், மீதி இரண்டை மைனி வாங்கிக்கொண்டார்.