நகராத துகளுக்கு ஆற்றல் எப்படி வந்தது?

ஒரு துகள் நகராமல் இருக்கும்போதும் அதற்கு ஓய்வாற்றல் உண்டு என்கிறார்களே, அந்த ஆற்றல் உண்மையில் எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விடை துகளுக்குத் துகள் மாறும் என்பதால், நம் உடல் எடையில் பெரும்பங்கு வகிக்கும் புரோட்டானையே எடுத்துக்கொள்கிறேன்.

புரோட்டானின் நிறையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும் ஓய்வாற்றல், துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகில் ஏறத்தாழ 938.27 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதற்குள் இருக்கும் அடிப்படைத் துகள்களான இரண்டு அப் குவார்க்குகள், ஒரு டவுன் குவார்க் ஆகியவற்றின் நிறைகளைக் கூட்டிப் பார்த்தாலோ, அதே அலகில் 9 அளவுக்குத்தான் தேறும். அதாவது நூற்றில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி, ஒரு ஃபெம்டோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவே உள்ள இடத்தில் அடைபட்ட குவார்க்குகளின் இயக்க ஆற்றலும், அவற்றைப் பிணைத்து வைக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும்தான். புரோட்டான் மொத்தமாக ஓய்வில் இருக்கிறது, ஆனால் அதன் உள்ளே எதுவும் ஓய்வில் இல்லை. காலவெளியைக் கட்டங்களாகப் பிரித்து, குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசையின் கோட்பாட்டை மீக்கணினிகளில் கணக்கிட்டு 2008-இல் வெளியிடப்பட்ட முடிவு, அளந்தறிந்த நிறையோடு சில விழுக்காட்டுப் பிழை வரம்புக்குள் பொருந்தியது. ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்ட 2012-க்குப் பிறகு பலரும் எழுதியதைப்போல், வெளியெங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலமே எல்லாவற்றுக்கும் நிறை தருகிறது என்பது, எலக்ட்ரானின் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஓய்வாற்றலுக்குப் பொருந்தலாம், புரோட்டானுக்குப் பொருந்தாது.

பிணைப்பு எப்போதும் நிறையைக் கூட்டும் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்து டியூட்ரான் ஆகும்போது 2.22 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிராக வெளியேறிவிடுவதால், டியூட்ரானின் நிறை அவ்விரண்டின் கூட்டுத்தொகையைவிட அதே அளவு குறைந்திருக்கும். எனவே, ஓர் அமைப்பின் மொத்த உந்தம் சுழியாகத் தெரியும் நிலையில் நின்று அளக்கும்போது அதற்குள் இருக்கும் ஆற்றல் முழுவதுமே அதன் ஓய்வாற்றல் என்று வரையறுப்பதே சரி.

"நிறை ஆற்றலாக மாறுகிறது" என்ற பாடநூல் வாசகம் எனக்கு உவப்பில்லாததற்கும் இதுவே காரணம். ஓய்வில் உள்ள எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஒன்றையொன்று அழிக்கும்போது, பெட் ஸ்கேன் கருவி பதிவுசெய்யும் இரண்டு போட்டான்கள், தலா 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு எதிரெதிர்த் திசைகளில் பறக்கின்றன. தனித்தனியே பார்த்தால் இரண்டுக்கும் நிறை இல்லை. இரண்டையும் ஒரே அமைப்பாகக் கொண்டால், அதன் ஓய்வாற்றல் முன்பிருந்த அதே 1.022 தான்.