இமை மூடிக்கொண்டது, பார்வையும் மங்குகிறது: கண்ணுக்கு எதற்கு மூக்கு டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. 12 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. ஒரு வாரத்துக்கு முன் வலது கண்ணுக்குப் பின்னால் வலி என்றார். அப்புறம் எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மூன்று நாளில் இமை முழுசாக மூடிக்கொண்டது. இப்போது இமையைத் தூக்கிவிட்டுப் பார்த்தாலும் மங்கலாகத்தான் தெரிகிறதாம். கண் டாக்டர் ‘ஆர்பிட்டல் ஏபெக்ஸ் சிண்ட்ரோம்’ என்று எழுதி, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கவும் சொல்கிறார். சர்க்கரையால் நரம்பு இழுத்திருக்கும், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகும் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். ஸ்டீராய்டு போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கண் டாக்டர் சொல்வதை. அதுவும் இன்றைக்கே. ஸ்கேனுக்கு அடுத்த வாரம்தான் தேதி கிடைத்தது என்றால் காத்திருக்காதீர்கள். கண், மூக்கு, நரம்பியல் மூன்று பிரிவும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம்.

கண்குழி ஒரு புனல் மாதிரி. முன்னால் அகலம், உள்ளே போகப் போகக் குறுகி நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு முனையில் முடியும். பார்வை நரம்பு, கண்ணை அசைத்து இமையைத் தூக்கும் மூன்று நரம்புகள், நெற்றிக்கு உணர்ச்சி தரும் நரம்பு எல்லாமே அந்த முனையில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே எது வந்து உட்கார்ந்தாலும் எல்லாம் சேர்ந்து அடிவாங்கும். அந்த முனைதான் ‘ஆர்பிட்டல் ஏபெக்ஸ்’. டாக்டர் எழுதியிருப்பது கோளாறு எந்த இடத்தில் என்பதைத்தான். என்ன கோளாறு என்பதை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சொந்தக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சர்க்கரையால் ஒரு நரம்பு மட்டும் வலுவிழந்து, இமை தொங்கி, சில மாதங்களில் சரியாவது உண்டு. ஆனால் அதில் பார்வை மங்காது. உங்கள் அப்பாவுக்கு மங்குகிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: இமையை விரலால் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடி, ஒரு குங்குமச் சிமிழைக் காட்டுங்கள். வலது கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பஞ்சால் நெற்றியின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த நோயில் ஏமாற்றுகிற விஷயங்கள் சில உண்டு. இமை மூடியதும் இரட்டைப் பார்வை போய்விடும். ‘இப்போ தேவலை’ என்பார்கள். நரம்பு மரத்துப்போனால் வலி குறையும், அதற்கும் அதே ‘தேவலை’தான். கண் சிவக்காமல் வெள்ளையாகவே இருக்கலாம். சொட்டுமருந்து போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு நாள் போய்விடும்.

மூக்கு டாக்டர் எதற்கு என்றால், அந்த முனைக்கு அடுத்த வீடே சைனஸ் என்கிற, மூக்கோடு சேர்ந்த காற்றறைதான். நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு. கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் நாங்கள் முதலில் பயப்படுவது மியூகார் பூஞ்சைக்கு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் ‘கருப்புப் பூஞ்சை’ என்று எல்லோரும் பேசினோமே, அதேதான். அந்த மே மாதம் தமிழக அரசு இதை டாக்டர்கள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கொரோனாவுக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. உண்மையில் பூஞ்சை கருப்பு இல்லை. அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைப்பதால் செத்துப்போகிற சதைதான் கருக்கிறது. கருப்பு தெரியவில்லையே என்று நிம்மதியடைய வேண்டாம், ஆரம்பத்தில் மூக்கினுள் வெளிறல் மட்டும்கூட இருக்கலாம். மூக்கில் ரத்தம் கலந்த சளி, கன்னத்தில் மரப்பு, மேல்தாடைப் பல்வலி இருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். என்டோஸ்கோப்பி என்கிற குழாய்க் கேமராவை மூக்கினுள் விட்டு ஒரு துண்டுச் சதை எடுத்தால் (இதுதான் பயாப்ஸி), மைக்ராஸ்கோப்பில் அன்றைக்கே பூஞ்சை இழை தெரிந்துவிடலாம்.

பூஞ்சை மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை மெதுவாக வளர்ந்து கட்டி போலவே நடிக்கும். சாதாரண சைனஸ் சீழ், நெற்றியில் வந்த அக்கி, காசநோய், மூக்கின் பின்பகுதியில் வரும் புற்றுநோய், லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்று, வேறு இடத்திலிருந்து பரவிய புற்று, விபத்தில் உடைந்த எலும்பு, தைராய்டால் வீங்கிய கண்தசை, எல்லாம் இதே படத்தைக் காட்டலாம்.

கிருமியில்லாத அழற்சியும் உண்டு. ஸ்டீராய்டு ஆலோசனை அங்கிருந்துதான் வருகிறது. டோலோசா என்ற டாக்டர் 1954இலும் ஹன்ட் குழுவினர் 1961இலும் எழுதிய, ‘டோலோசா-ஹன்ட்’ என்றே பெயர் பெற்ற நோயில், ஸ்டீராய்டு போட்ட மூன்று நாளுக்குள் வலி பறந்துவிடும். ஆனால் லிம்ஃபோமாவும் ஸ்டீராய்டில் சுருங்கும், பயாப்ஸியில் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். பூஞ்சை இருந்தாலோ, வலி குறைந்த சந்தோஷத்தோடு அது மூளைக்குப் போய்விடும். மற்றதெல்லாம் இல்லை என்று உறுதியான பிறகு, கடைசியாகத்தான் அந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் சீட்டில் ‘மூளை’ என்று மட்டும் எழுதியிருந்தால், கண்குழியும் சைனஸும் சேர வேண்டாமா, படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி உண்டா என்று கேளுங்கள். அதற்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள். பூஞ்சை என்று தெரிந்தால் கொடுக்கிற ஆம்ஃபோடெரிசின் மருந்தும் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் இந்த ரத்தப் பரிசோதனை அடிக்கடி நடக்கும். கூடவே செத்த சதையை அறுவை செய்து எடுக்க வேண்டும், சர்க்கரையை இன்சுலினில் கொண்டுவர வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண்.

பார்வை திரும்புமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். காரணத்தையும், எத்தனை நாள் கடந்தது என்பதையும் பொறுத்தது. இமையும் கண் அசைவும் மாதக்கணக்கில் மெல்ல மீளலாம். இழந்த பார்வைக்கு அந்த அளவு நம்பிக்கை தர முடியாது.

இதற்குள் யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிட்டிருந்தால், நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். அட்டையை அப்படியே கையோடு எடுத்துப்போய், எத்தனை நாள், எவ்வளவு போட்டார் என்று டாக்டரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள்.