அடைத்த பல் கடித்தால் வலிப்பது ஏன்?

கேள்வி: கீழ்க் கொடுப்புப் பல்லில் இருந்த சூத்தையைச் சுத்தம் செய்து, பல்லின் நிறத்திலேயே கொம்பொசிற் என்ற பிசின் கலவையை வைத்து, நீல ஒளி பிடித்து அடைத்தார்கள். இரண்டு வாரமாகியும் கச்சான் கடித்தால் சுள்ளென்கிறது. அடைப்புச் சுருங்கிப் பல்லை இழுக்கும் என்கிறார்களே, அதைக் குறைக்க வழியில்லையா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சுருங்குவது உண்மைதான். எனினும் முதலில் பார்க்க வேண்டியது அடைப்பின் உயரத்தை. விறைப்பு ஊசி போட்ட வாயால் சரியாகக் கடித்துக் காட்டுவது எவருக்கும் கடினம் என்பதால், அடைப்பு மயிரளவு உயர்ந்து நின்று, கடிக்கும்போதெல்லாம் சுமையை அந்தப் பல்லே தாங்க நேரிடுவதுண்டு. நிறத்தாளைக் கடிக்கவைத்து, உயர்ந்த இடத்தைத் தேய்த்துவிட்டால் இவ்வகை வலி பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும்.

இனிச் சுருக்கத்துக்கு வருவோம். ஒளி பட்டதும் கொம்பொசிற்றின் மூலக்கூறுகள் பிணைந்து நெருங்குவதால், அதன் கனவளவு பொதுவாக 2 முதல் 3 சதவீதம் வரை குறைகிறது. கொடுப்புப் பல்லின் நடுக்குழியில் நான்கு சுவர்களும் அடித்தளமும் ஒட்டுப் பசையால் பிடிக்கப்பட்டிருக்க, மேற்பரப்பு மட்டுமே இளகிக் கொடுக்க இருப்பதால் அங்கு இழுவிசை மிகும். பசை தோற்றால் விளிம்பில் இடைவெளி விழுந்து, கூச்சமும் பின்னர் மீண்டும் சூத்தையும் வரலாம். பசை தாங்கினாலோ பல்லின் முனைகள் உள்நோக்கி வளைந்து, பல்லின் கடினமான மேலோடாகிய மிளிரியில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றலாம்.

ஆகவேதான் கொம்பொசிற்றை ஒரே தடவையில் நிரப்பாமல், 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத சரிவான படைகளாக, எதிரெதிர்ச் சுவர்களை ஒரே படை பிணைக்காதவாறு வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குகிறார்கள். நேரம் எடுக்கும் வேலை. நாற்காலியில் இருப்பவர் அவசரப்படுத்தக் கூடாது. ஆழமான குழியின் அடியில் கிளாஸ் அயனோமர் என்ற வேறோர் அடைப்புப் பொருளை இட்டால் கொம்பொசிற்றின் அளவு குறையும். 4 மில்லிமீற்றர் வரை ஒரே படையாக இடத்தக்க கொம்பொசிற் வகையும் உண்டு; அந்த அளவு அவ்வகைக்கே உரியது. ஒளியை மங்கலாகத் தொடங்கிக் கூட்டும் முறையில் எனக்கு அத்தனை நம்பிக்கையில்லை. ஒளியைக் குறைத்தே விட்டால் சுருக்கம் குறையும், ஆனால் அடைப்பும் முழுமையாக இறுகாது. பல்லின் பெரும்பகுதி போயிருந்தால், வெளியே செய்து இறுக்கிய துண்டை ஒட்டுவது நல்லது. அப்போது பல்லினுள் சுருங்குவது மெல்லிய பசைப் படை மட்டுமே.

உங்கள் பல்லை அடைத்தவரிடமே முதலில் காட்டுங்கள். கடித்தபின் பல்லைத் தளர்த்தும் கணத்தில் வலித்தால் வெடிப்பு இருக்கக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். சூடான தேநீர் பட்டபின் வலி நெடுநேரம் நின்றாலோ, இரவில் தானாக வலித்தாலோ பல்லின் கூழ், அதாவது உள்ளே நரம்புள்ள மென்பகுதி, பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் தாமதிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்காவது செல்லுங்கள்.