யோகா டீச்சரை எப்படித் தேர்ந்தெடுப்பது? மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் என் பதில்களும்

செம்பூரில் பல வருடங்களாக யோகா சொல்லிக்கொடுத்து வருகிறேன். நம் ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஆசனங்களைப் பற்றி இல்லை, யாரிடம் போய்ச் சேர்வது என்பதைத்தான். அப்படி வந்த சில கேள்விகளுக்கு, கேட்டவரின் ஏரியா பெயரோடு, இங்கே பதில் சொல்கிறேன்.

தானே: எங்கள் சொசைட்டியில் ஒருவர் 200 மணி நேர சர்டிபிகேட் வைத்திருக்கிறார். அது போதுமா, அக்கா?

200 மணி நேரம் என்பது யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு பிரபலமாக்கிய அளவு. அது அரசாங்க லைசென்ஸ் இல்லை. ஒரே மாதத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடும் கோர்ஸ்களும் இருக்கின்றன. நம் நாட்டில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சர்டிபிகேஷன் போர்டு இருக்கிறது. புரோட்டோகால் இன்ஸ்ட்ரக்டர், வெல்னஸ் இன்ஸ்ட்ரக்டர் என்று படிப்படியாகத் தேர்வு வைக்கிறார்கள், தெரபிஸ்ட்டுக்குத் தனித் தேர்வு. உடம்பு நன்றாக இருப்பவருக்கு முதல் இரண்டு நிலையில் தேறியவரே போதும். நோய்க்காகப் போகிறவர் தெரபி படித்தவரைத் தேடுங்கள்.

காகிதத்தைப் பார்த்த பிறகு ஒன்று கேளுங்கள்: "நீங்கள் இப்போதும் யாரிடமாவது கற்றுக்கொள்கிறீர்களா?" ஆமாம் என்பவரை எனக்குப் பிடிக்கும்.

மாட்டுங்கா: அம்மாவுக்கு 66 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) சொட்டு மருந்து போடுகிறார். தமிழ் மட்டும்தான் தெரியும். பக்கத்துப் பார்க்கில் காலையில் இலவசமாக நடக்கிறது, அனுப்பலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். இலவசம் என்பதால் இல்லை. முப்பது நாற்பது பேர் நிற்கும் இடத்தில் உங்கள் அம்மாவைத் தனியாகக் கவனிக்க ஆள் இருக்காது.

கிளாக்கோமா இருப்பவர்கள் தலை கீழே போகும் ஆசனங்களைச் செய்யக் கூடாது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். சிரசாசனமும் சர்வாங்காசனமும் கூடாது என்பது பலருக்குத் தெரியும். சூரிய நமஸ்காரத்துக்குள்ளேயே குனிந்து பாதத்தைத் தொடும் நிலையும், இடுப்பை உயர்த்தித் தலையைத் தொங்கவிடும் நிலையும் இருப்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பல பார்க் வகுப்புகள் ஆரம்பிப்பதே அதில்தான். பிரஷர் இருப்பதால் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சிகள், மூச்சை அடக்கி நிறுத்துவது எதுவும் வேண்டாம்.

அதனால் முதலில் போனில் பேசுங்கள். இந்த இரண்டு வியாதியையும் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். "அதெல்லாம் யோகாவில் சரியாகிவிடும்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். "கண் டாக்டர் என்ன சொன்னார்? தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறதா? தலை சுற்றல் உண்டா?" என்று திருப்பிக் கேட்டால் நம்பிப் போகலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆசனம் சொல்லிக்கொடுப்பவரிடம், எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும், வயதானவர்களை ஒப்படைக்காதீர்கள்.

மெரைன் டிரைவில் கைவல்யதாமா என்ற யோகா நிறுவனத்தின் கிளை இருக்கிறது. மாட்டுங்கா ரோடில் ஸ்லோ லோக்கல் ஏறினால் சர்னி ரோடில் இறங்கிக்கொள்ளலாம். சாந்தாகுரூஸில் இருப்பது 1918-ல் தொடங்கிய தி யோகா இன்ஸ்டிடியூட். இரண்டிலும் விசாரித்துப் பாருங்கள். பாஷைக்குப் பயப்பட வேண்டாம். மூச்சை இழு, விடு, மெதுவாக, போதும் என்று நாலைந்து ஹிந்தி வார்த்தைகளை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். முதல் சில நாள் நீங்களும் கூடப் போங்கள். "வலிக்கிறது" என்று ஹிந்தியில் சொல்ல மட்டும் அம்மாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

டோம்பிவிலி: தினமும் டிரெயினில் போய் வந்து, ஆபீசில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, இடுப்பு வலி காலுக்கும் இறங்குகிறது. பி.கே.சி. ஆபீஸ் பக்கத்தில் பவர் யோகா இருக்கிறது. சேரட்டுமா?

தம்பி, வலி காலுக்கு இறங்கினால் முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள். டிஸ்க் பிரச்சினையாக இருந்தால் பச்சிமோத்தாசனம் மாதிரி முன்னால் குனியும் ஆசனங்கள் வலியைக் கூட்டலாம்.

பவர் யோகா, பட்டாபி ஜோயிஸ் பரப்பிய அஷ்டாங்க வின்யாச முறையிலிருந்து வந்தது. மூச்சோடு சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகப் போகும். பி.கே.எஸ். ஐயங்கார் முறையில் ஒரே நிலையில் நிறுத்தி, பெல்ட், கட்டை, நாற்காலி, கயிறு எல்லாம் வைத்து உடம்பைத் தாங்குவார்கள். ஜோயிஸ், ஐயங்கார் இருவருமே மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் என்ற யோகா ஆசிரியரிடம் படித்தவர்கள். எது உயர்ந்தது என்ற வாதம் வேண்டாம். இப்போது உங்கள் முதுகுக்கு இரண்டாவதுதான் ஏற்றது. ஐயங்கார் முறைக்கு லோயர் பரேலில் ஒரு மையம் இருக்கிறது. தினமும் அலைய முடியாவிட்டால் டோம்பிவிலியிலேயே, பத்து பேருக்கு மேல் சேர்க்காத பேட்சாகப் பார்த்து, சனி ஞாயிறு போங்கள். மற்ற நாளில் வீட்டில் கால் மணி நேரம் செய்தால் போதும்.

சயன்: மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் டிஸ்கவுண்ட் என்கிறார்கள்.

முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள்.

முலுண்ட்: சார் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் கேட்காமல் தொட்டுத் திருத்துகிறார், எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சொன்னால் தப்பாக நினைப்பாரோ?

நினைத்தால் நினைக்கட்டும் அம்மா. "தொடாமல் வாயால் சொல்லுங்கள் சார்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நல்ல டீச்சர் அன்றோடு நிறுத்திவிடுவார். முகம் சுளித்தாலோ மறுபடி தொட்டாலோ கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வெளியே வந்துவிடுங்கள். உங்கள் சங்கடத்துக்குக் காரணம் காட்டி நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாஷி: ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறேன். ஆன்லைனில் கற்றுக்கொள்ளலாமா?

பிரசவ டாக்டர் சரி என்ற பிறகு, கர்ப்பிணிகளுக்குச் சொல்லித்தரத் தனியாகப் பயிற்சி எடுத்தவரிடம் நேரில் போவதுதான் நல்லது. குப்புறப் படுப்பது, வயிற்றை அழுத்தித் திருகுவது, கபாலபாதி மூன்றும் கிடையாது. ஆன்லைன்தான் வழி என்றால், அவர் உங்களைப் பார்த்துக்கொண்டே சொல்லும் நேரடி வகுப்பாக இருக்கட்டும். பதிவு செய்த வீடியோ வேண்டாம்.

தாராவி: அப்பாவுக்குச் சுகர், இன்சுலினும் உண்டு. மூன்று மாதத்தில் எல்லா மருந்தையும் நிறுத்திவிடலாம் என்கிறார் யோகா மாஸ்டர்.

அந்த மாஸ்டரை இன்றே மாற்றுங்கள். யோகாவால் சுகர் கட்டுப்பாட்டுக்கு உதவி உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மருந்தைக் குறைப்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வகுப்புக்குப் போனால் சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். எந்த நேரத்து வகுப்பு, முன்னால் என்ன சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று புது டீச்சருக்கும் முதல் நாளே சொல்லிவையுங்கள்.