பதினெட்டாயிரம் வரும் என்று நம்பி நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டாது. 23 வயதான என் மனைவிக்கு இது முதல் கர்ப்பம், பத்தாவது வாரம். மாதம் இரண்டு டப்பா புரதப் பவுடர் கொடுக்கச் சொல்கிறார் தெரிந்த மருந்துக்கடைக்காரர்; ஒரு டப்பா 900 ரூபாய். மாநில அரசு 18,000, மத்திய அரசு 5,000, ஆக 23,000 ரூபாய் கிடைக்கும் என்கிறார்கள். அதை நம்பி இப்போது நகையை அடகு வைத்து 20,000 ரூபாய் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் கணக்கிலேயே இரண்டு பிழைகள் இருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் முழுவதும் ரொக்கம் அன்று. அதில் 14,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது, எஞ்சிய 4,000 ரூபாய் தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகக் கையில் கிடைக்கிறது. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் தமிழ்நாட்டில் இதனுடன் இணைக்கப்பட்டிருப்பதால், மத்திய அரசின் 5,000 ரூபாயைத் தனியாகக் கூட்டக் கூடாது. ஆக, 23,000 என்று நீங்கள் எழுதியது உண்மையில் 14,000.

அந்தப் பதினாலாயிரமும் தவணைகளாகத்தான் வரும். பாதிக்கும் மேற்பட்ட தொகை பிரசவத்துக்குப் பிறகு, குழந்தையின் தடுப்பூசிகளையொட்டியே கிடைக்கிறது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் 20,000 ரூபாய் நகைக் கடனுக்கு மாதம் 200 ரூபாய் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கைக்கு வந்து சேராத பணத்தை நம்பி நகையை அடகுக் கடைக்கு அனுப்புவது, அதுவும் பவுடருக்காக அனுப்புவது, எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது உங்களுக்கு அவசரமான வேலை வேறொன்று. பன்னிரண்டாவது வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். உங்களுக்கு மீதமிருப்பது இரண்டே வாரங்கள். உங்கள் ஊர்ப் பகுதிக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்து, பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படும். பணம் உங்கள் கணக்குக்கு வராது. மனைவியின் பெயரில், அவருடைய ஆதாருடன் இணைக்கப்பட்ட கணக்குக்குத்தான் வரும். பலருக்குத் தவணை மாதக்கணக்கில் தாமதமாவதற்குக் காரணம் ஆதார் இணைப்பு இல்லாததோ, பெயரின் எழுத்துகள் இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக இருப்பதோதான் என்பதால், இதை முதலிலேயே வங்கியில் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது அங்கன்வாடி. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, கர்ப்ப காலம் முழுவதும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதமும் இலவச உணவு பெறும் உரிமையைப் பெண்களுக்கு அளிக்கிறது. நாளொன்றுக்கு 600 கிலோகலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்பது அதன் அளவு. நம் ஊரில் இது சத்துமாவாகக் கிடைக்கிறது. இலவசமாக வருவது என்பதாலேயே அதை மாட்டுக்குக் கரைத்து ஊற்றும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெட்டகத்தில் வரும் நெய்யும் பேரீச்சம்பழமும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்காகி, கர்ப்பிணிக்கு எதுவும் மிஞ்சாத வீடுகளும் உண்டு.

பவுடருக்கென்று நீங்கள் ஒதுக்க நினைக்கும் 1,800 ரூபாயை உணவுக்கே திருப்புங்கள். தினம் இரண்டு முட்டைக்கு மாதம் 420 ரூபாய், அரை லிட்டர் பாலுக்குச் சுமார் 700 ரூபாய் போனாலும், கீரை, வேர்க்கடலை, பழம் வாங்க 650 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ரேஷன் கடையின் 30 ரூபாய்த் துவரம்பருப்பை ஒரு மாதம்கூட விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை சுகாதார நிலையத்திலேயே இலவசம். அதைத் தேநீருடன் விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. இரத்தச்சோகை இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், மருந்துக்கடைக்காரரிடம் யோசனை கேட்காமல் மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள்.

பிரசவத்தை எங்கே பார்ப்பது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். மகப்பேறு நிதியுதவியை முழுமையாகப் பெற அரசு மருத்துவமனையில்தான் பிரசவம் நடக்க வேண்டும். அங்கே அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம் ஆகியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. சுகப்பிரசவமானால் மூன்று நாள், அறுவைச் சிகிச்சையானால் ஏழு நாள் வரை தாய்க்கு உணவும் இலவசம். வீடு திரும்ப 102 ஊர்தி உண்டு. ஆனாலும் துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, போக்குவரத்து, நீங்கள் வண்டி ஓட்டாத நாள்களின் வருமான இழப்பு ஆகியவற்றை எந்தத் திட்டமும் ஈடுசெய்யாது. அதற்காக மாதம் 1,000 ரூபாயை இன்றிலிருந்தே மனைவியின் கணக்கில் போட்டுவாருங்கள். பிரசவத்துக்குள் ஏறத்தாழ 7,000 ரூபாய் சேர்ந்திருக்கும், நகையும் வீட்டிலேயே இருக்கும்.