மறு: பின்னச் சமன்பாடு – மகனுக்கு வந்த விடை 1, விடைத்தாளில் ‘தீர்வு இல்லை’

அக்கா, நீங்கள் அனுப்பிய உயர்நிலை 2 கணக்கு இதுதானே (எக்ஸுக்குப் பதில் ப என்று போடுகிறேன்):

ப/(ப−3) + 2 = 3/(ப−3)

உங்கள் மகன் இருபுறமும் (ப−3)ஆல் பெருக்கியது சரி. ஆனால் அந்த 2ஐ அப்படியே விட்டுவிட்டார்; அதனால்தான் ப + 2 = 3, ப = 1 என்று வந்திருக்கிறது. 2க்குக் கீழே பகுதி (பின்னத்தின் கீழ் எண்) இல்லாவிட்டாலும் அதையும் பெருக்க வேண்டும்:

ப + 2(ப−3) = 3
3ப = 9
ப = 3

இங்கேதான் வில்லங்கம். 3ஐப் போட்டால் பகுதி 0 ஆகிவிடும். கால்குலேட்டரில் தட்டினால் ‘மேத் எரர்’ என்று வரும். ஆகவே தீர்வே இல்லை, விடைத்தாள் சரி.

1ஐயும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: இடப்பக்கம் 1.5, வலப்பக்கம் −1.5. டியூஷனில் எத்தனை தாள் கொடுத்தாலும், முதல் வரியிலேயே ‘ப ≠ 3’ என்று எழுதப் பழக்குங்கள். அப்புறம் இந்த மாதிரிக் கணக்கில் மாட்ட மாட்டார்.